லாண்ட்மாஸ்டரைப் பிக்கப்பில் ஏற்றுதல்: இரும்புச் சட்டமும் றாம்பும் மூன்று தரம் மாற்றிச் செய்த விபரம்

வன்னியில் ஒருவரின் வயல் முழுவதும் ஒரே இடத்தில் கிடப்பது குறைவு. அக்கராயன் பக்கம் ஒரு துண்டு, மல்லாவிப் பக்கம் இன்னொரு துண்டு. லாண்ட்மாஸ்டரை, அதாவது இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரத்தை, ஓட்டிக்கொண்டே போனால் உழவு நேரம் வீதியில் போய்விடும். இரும்புச் சில்லோடு தார் வீதியில் ஏறவும் ஏலாது. பிக்கப்பில் ஏற்றிப் போவதுதான் வழி. ஆனால் இரண்டு பலகையைச் சாய்த்து வைத்து, நாலு பேர் தள்ளி ஏற்றுகிற முறையில் கால் நசுங்கும், சில நேரம் உயிரும் போகும். அதற்காகத்தான் பெட்டிக்குள் பூட்ட ஒரு இரும்புச் சட்டமும், சாய்த்து வைத்து ஏற்ற இரண்டு இரும்பு றாம்பும் செய்யத் தொடங்கினோம்.

முதலில் அளவு. நாலு சில்லும் இழுக்கும் இரட்டைக் கபின் பிக்கப்பின் பெட்டித் தளம் நிலத்திலிருந்து 82 செ.மீ. உயரம். பெட்டி நீளம் 150 செ.மீ., உள்ளே சில்லு மேடுகளுக்கு இடையில் 110 செ.மீ. லாண்ட்மாஸ்டரின் 6.00-12 ரயர்கள் இரண்டும் அந்த இடைவெளிக்குள் அடங்கும். கைபிடிதான் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒற்றைக் கபின் கிடைத்தால் அதையே எடுங்கள், பாதித் தலையிடி குறையும். மண்ணைக் கிளறும் சுழல் கத்திப் பகுதியான ரொட்டவேட்டரைக் கழற்றித் தனியாக ஏற்ற வேண்டும். அது பூட்டியபடி இருந்தால் பெட்டி விளிம்பில் கத்திகள் தட்டும், பாரமும் கூடும். அது இல்லாமல் இயந்திரத்தின் பாரம் கணக்குக்கு 400 கிலோ என்று எடுத்தோம்.

முதல் றாம்ப் 180 செ.மீ. நீளம், ஒவ்வொன்றுக்கும் 50×25 மி.மீ. பொக்ஸ் பார் (நீள்சதுர இரும்புக் குழாய்) இரண்டு, கனம் 2 மி.மீ. சாய்வு 27 பாகை வந்தது. இரண்டாவது ஏற்றத்திலேயே நடுவில் வளைந்தது. லாண்ட்மாஸ்டருக்கு ஒரே அச்சுத்தான். நாலு சில்லு வாகனத்தின் பாரம் முன்னும் பின்னுமாகப் பிரியும், இங்கே முழுப் பாரமும் ஒரே நேரத்தில் றாம்பின் நடுவில் வந்து நிற்கும், பக்கத்துக்கு 200 கிலோ. சும்மா நிற்கும்போது அந்தக் குழாய் தாங்கும். குலுங்கி ஏறும்போது பாரம் இருமடங்குபோல அழுத்தும், அப்போது இரும்பு வளையும் எல்லையைத் தொட்டுவிடும்.

இரண்டாவது றாம்ப் 240 செ.மீ. நீளம், 75×38 மி.மீ. பொக்ஸ் பார், கனம் 2.5 மி.மீ. சாய்வு 20 பாகைக்கு இறங்கியது. ஒன்று 30 கிலோ அளவில் நிற்கும், ஒரு ஆள் இழுத்து வைக்கலாம். குறுக்குக்கு 25×25×3 மி.மீ. அங்கிள் (L வடிவ) இரும்பு, 30 செ.மீ. அகலத்துக்கு. அதைப் பார்களின் மேலே ஒட்டாமல் இடையில், மேல் விளிம்பிலிருந்து 4 செ.மீ. தாழ்த்தி ஒட்ட வேண்டும். அப்போது பார்களே இரண்டு பக்கமும் வரம்புபோல நின்று ரயரைப் பிடிக்கும். அங்கிளின் முதுகு மேலே பார்க்கட்டும், சேறு வழிந்து கீழே விழும். ஓட்டைத் தகடு அடித்துப் பார்த்தோம். மாரியில் களி ஓட்டைகளை அடைத்துச் சவர்க்காரம்போல வழுக்கியதால் கழற்றிவிட்டோம்.

குறுக்குகளின் இடைவெளி முதலில் 20 செ.மீ. இருந்தது. ஒவ்வொரு படியிலும் ரயர் ஒன்றரைச் செ.மீ.க்கு மேல் விழுந்து எழும்ப, கைபிடி கையிலிருந்து துள்ளியது. 12 செ.மீ.யாக நெருக்கியபின் விழுகை அரைச் செ.மீ. அளவுதான், ஏற்றம் அமைதியாக வந்தது. இரும்புச் செலவு கொஞ்சம் கூடும். பரவாயில்லை.

றாம்ப் நழுவுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. சில்லு முன்னுக்கு ஏற எவ்வளவு உந்துகிறதோ அவ்வளவுக்கு றாம்பைப் பின்னுக்குத் தள்ளும். விளிம்பில் சும்மா சாய்த்து வைத்த றாம்ப் அந்தக் கணமே கழன்று விழும். மேல் நுனியில் 10 மி.மீ. தகட்டில் கொக்கி வெட்டி ஒட்டி, பெட்டிக்குள் பூட்டும் சட்டத்தின் பின் குறுக்குப் பாரில் மாட்டுங்கள். அதோடு 8 மி.மீ. சங்கிலியால் பிக்கப்பின் சசியில் (வண்டியின் அடி இரும்பில்) இழுத்துக் கட்டுங்கள். பின்கதவில் றாம்பை ஊன்றவே கூடாது. அதைத் தாங்குவது இரண்டு மெல்லிய கம்பிகள்தான். பாரம் விளிம்புக்கு வரும்போது பின்பக்கம் சில செ.மீ. அமிழும், அதனால் றாம்பின் கீழ்க் கால் வெளியே அசைய இடம் வேண்டும். அமிழ்வைக் குறைக்க, பின் சசிக்கு அடியில் மரக்குற்றி ஒன்றை முட்டுக் கொடுப்பது நல்லது. ஈர நிலத்தில் ஒரு கால் மட்டும் புதைந்து இயந்திரம் சரியும். இரண்டு காலுக்கும் அடியில் ஒவ்வொரு மீற்றர் நீளப் பலகை போடுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் சட்டமும் அதே 75×38 பாரில்தான்: நீளவாக்கில் இரண்டு, குறுக்கே மூன்று. நாலு 12 மி.மீ. போல்ட், ஒவ்வொன்றுக்கும் பெட்டித் தகட்டின் அடியில் 10 செ.மீ. சதுரத்தில் 6 மி.மீ. தகடு. தகடு இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் பெட்டி கிழியும். முன் குறுக்கில் சில்லை நிறுத்த மேடு, நாலு மூலையிலும் பெல்ட் வளையம்.

இனி ஏற்றும் முறை. ஏற்றும்போது முன் கியரில் மிகக் குறைந்த வேகம், இறக்கும்போது பின் கியரில் அதே வேகம். றாம்பில் நிற்கும்போது கியர் மாற்றவோ கிளச் பிடிக்கவோ கூடாது. திருப்புகிற பக்கக் கிளச்சையும் தொடக் கூடாது, இதை எழுதி ஒட்டினாலும் தகும். சமதரையில் இடதைப் பிடித்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் முன்னோக்கிப் போகும்போது பிடித்தால், விடுபட்ட இடச் சில்லு தானாக வேகமாக உருண்டு இயந்திரத்தை வலப்பக்கம் தள்ளும். பழகிய கை தவறு செய்வது இந்த இடத்தில்தான். ஆகவே நிலத்தில் நிற்கும்போதே இரண்டு றாம்புக்கும் நேராக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

சில்லு பெட்டியைத் தொடும்போது கைபிடி பிடித்த ஆள் பாதி உயரத்தில் நிற்பார், காலுக்கு ஒன்றும் இருக்காது. இரண்டு பனஞ் சிலாகையைச் சேர்த்து, 30 செ.மீ. அகலத்தில், நடுவில் மூன்றாவது பலகையாகப் போட்டோம். ஏறும்போது சில்லின் முறுக்கு மூக்கைத் தூக்கிக் கைபிடியைக் கீழே அழுத்தும். அந்த நேரம் பின்னால் நிற்பவர் வழுக்கினால் இயந்திரம் அவர் மேல்தான் வரும்.

அதனால்தான் மூன்றாவது மாற்றம்: சட்டத்தின் முன்பக்கத்தில் கை வின்ச், அதாவது கையால் சுற்றி இழுக்கும் கருவி. 400 கிலோவை 20 பாகையில் இழுக்க, படிகளின் தடையையும் சேர்த்து 180 கிலோ அளவு இழுவை போதும். 500 கிலோவுக்கு மேல் குறித்த வின்ச் எடுத்தோம். பிரேக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பல்லுக் கொளுவி மட்டும் உள்ள மலிவு வகையில், இறக்கும்போது கொளுவியை விட்டதும் பிடி சுழன்று மணிக்கட்டை உடைக்கும். இயந்திரம் நியூட்ரலில், எஞ்சின் நிறுத்தி, டீசல் குழாய் மூடி. ஒருவர் பக்கத்தில் நின்று கைபிடியைச் சமநிலைக்குப் பிடித்தால் சரி, பின்னால் யாரும் வேண்டாம். வின்ச் பூட்டிய பிறகு எஞ்சின் போட்டு ஏற்றுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

இடத்தையும் தெரிந்தெடுங்கள். பிக்கப்பின் பின் சில்லுகள் 25 செ.மீ. பள்ளத்தில் இறங்கி நின்றால் றாம்பின் சாய்வு 20 பாகையிலிருந்து 14 ஆகும். வயல் வாசலில் அப்படிப் பள்ளம் அநேகமாக இருக்கும். வாய்க்கால் கட்டையோ குளக்கட்டையோ அதற்காக வெட்ட வேண்டாம்.

கட்டுவதற்கு 5 செ.மீ. ராட்செட் பெல்ட் (பல்லுக் கொளுவியால் இறுக்கும் பட்டி) நாலு, முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, குறுக்காக. அச்சிலும் எஞ்சின் சட்டத்திலும் கட்டுங்கள். கைபிடியிலோ மட்காட்டிலோ கட்டினால் வளையும். கியரில் போட்டுவிடுங்கள். வெளியே நீளும் கைபிடியில் பகலில் சிவப்புத் துணி, இரவில் சிவப்பு விளக்கு.

ரயரில் காற்று இருப்பதால் அது அமுங்கி எழும்ப, பெல்ட் தளரும், கிரவல் வீதியில் இன்னும் கெதியாக. முதல் 5 கி.மீ.யில் ஒருமுறை நின்று இறுக்க வேண்டும். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியாகத் தெற்கே போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எப்படியும் நிற்பார்கள், இரண்டாவது இறுக்கலுக்கு அதுவே நல்ல இடம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போனால், காட்டுத் துண்டு வருமுன்பே பார்த்துவிடுங்கள். பொழுதுபட்டபின் அங்கே இறங்கி நிற்க வேண்டாம், யானை வரும்.

இன்னும் மிச்சமிருப்பது றாம்புகளைச் சட்டத்தின் பக்கத்தில் நிமிர்த்திக் கொளுவ ஒரு வழி. இப்போது அவை லாண்ட்மாஸ்டருக்கு அடியில் கிடந்து கிரவலில் கடகடக்கின்றன, ஒட்டு வெடிக்கப் பார்க்கிறது. பழைய ரயர்த் துண்டுகளை இடையில் வைத்திருக்கிறோம்.