வரிசை மாறிய ரூபாய்த் தாள்கள்: என் சேகரிப்பு இதுவரை

மொரீசியஸ் தீவின் கியூர்பிப் நகரில் எங்கள் வீட்டு அலமாரியைத் துப்புரவு செய்தபோது, பெரியப்பா பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள் கிடைத்தன. இரண்டிலும் நம்மவரான, இத்தீவின் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் படமே இருந்தது. ஆனால் ஒன்றில் தேவநாகரி (இந்தி எழுத்து) வரிக்குப் பின்னும் மற்றதில் அதற்கு முன்னும் தமிழ் வரி வந்திருந்தது.

1998 நவம்பரில் மொரீசியஸ் வங்கி வெளியிட்ட புதிய தாள்களில், அதுவரை இரண்டாவதாக வந்த தமிழ் பின்தள்ளப்பட்டு, ஆங்கிலம், இந்தி, தமிழ் என வரிசை அமைந்திருந்ததால் இத்தீவின் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் தமிழ் இரண்டாம் இடத்துக்கு வந்த தாள்கள் வெளியாயின. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தவர்களின் வழிவந்தோர் இதைச் சும்மா விட்டிருப்பார்களா என்ன! வீட்டில் பிரெஞ்சு வழிவந்த கிரியோல் மொழி பேசி, தமிழைப் பள்ளியில் மட்டும் கற்ற எனக்கும் அந்தக் கோபம் புரிகிறது.

25, 50, 100, 200, 500, 1000, 2000 என்னும் ஏழு மதிப்புகளிலும் இரண்டு ஆண்டுத் தாள்களையும், ஆகப் பதினான்கையும் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். 1999ஆம் ஆண்டுத் தாள்கள் ஏழும் நான்கு மாதங்களில் கைக்கு வந்தன. தமிழ் எண்களைப் படிக்கத்தான் திணறினேன்: 25 ரூபாய்த் தாளில் உகரம் போலிருப்பது இரண்டு, ‘ரு’ போலிருப்பது ஐந்து என்பதை என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சேர்ப்பதைவிடக் காப்பதுதான் கடினமாக இருந்தது. கியூர்பிப்பின் ஓயாத மழையும் ஈரமும் தாளுக்கு ஆகாதவை. மலிவான பிவிசி உறையில் வைத்திருந்த 200 ரூபாய்த் தாள் ஆறே மாதத்தில் பிசுபிசுத்து உறையோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் வெளியே கசியும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதற்கு முன்பே, மடிப்பை நீக்குகிறேன் என்று ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, அதன் மொடமொடப்பையும் அச்சின் மேடுபள்ளத்தையும் அழித்திருந்தேன். இப்போது எல்லாத் தாள்களும் மைலார் என்னும் பாலியெஸ்டர் உறைகளில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. மடிப்புகளை அப்படியே விட்டுவிட்டேன்.

1998ஆம் ஆண்டுத் தாள்களில் ஐந்து சேர்ந்துவிட்டன. ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்று ரோஸ்ஹில் நகரில் ஒருவரிடம் இருக்கிறது. ஓரம் கிழிந்திருப்பதால் இன்னும் பேரம் படியவில்லை. இரண்டாயிரம் ரூபாய்த் தாளை நான் இதுவரை கண்ணால்கூடக் காணவில்லை.