குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது

கார்டோன் கள்ளியை விதையிலிருந்து வளர்க்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வடமேற்கு அர்ஜென்டினாவிலும் பொலிவியாவிலும், கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலுள்ள ஆண்டீஸ் மலைச் சரிவுகளில் தூண்போல நிற்கும் இக்கள்ளி 10 மீட்டர் வரை உயரக்கூடியது. அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் இதன் பெயரிலேயே ஒரு தேசியப் பூங்கா 1996 முதல் இருக்கிறது. அப்பகுதியின் பழைய தேவாலயங்கள் சிலவற்றில் கூரையும் கதவும், துளைகள் நிறைந்த இதன் கட்டையால் ஆனவை. என்னிடம் உள்ள செடி இப்போதுதான் ஒரு முழ உயரத்தை எட்டியிருக்கிறது.

உலர்ந்த நிலையில் இருந்தால் மைனஸ் 10 டிகிரி குளிரையும் தாங்கும் என்று படித்திருந்ததால், மூன்றாம் குளிர்காலத்தில் தொட்டிகள் மூன்றையும் இங்கே இங்கிலாந்தில் திறந்த வெளியிலேயே விட்டுவிட்டேன். அந்த வாக்கியத்தில் முதன்மையான சொல் 'உலர்ந்த' என்பதை அப்போது நான் உணரவில்லை. பிப்ரவரியில் ஒன்றின் அடித்தண்டை விரலால் அழுத்தியபோது, கனிந்த பழம்போல உள்ளே அமிழ்ந்தது; வெட்டிப் பார்த்தால் நடுவில் நீரைக் கடத்தும் குழாய் வளையம் முழுவதும் பழுப்பேறியிருந்தது. இரண்டு செடிகள் போயின.

ஆண்டீஸில் மழை கோடையில் பெய்கிறது. குளிர்காலமோ வெயிலும் உறைபனியும் கலந்த வறண்ட காலம். அப்போது கள்ளி தன்னிடமுள்ள நீரைக் குறைத்துக்கொண்டு சுருங்குவதால், உள்ளிருக்கும் சாறு செறிவடைந்து எளிதில் உறைவதில்லை. இங்கு நிலைமை நேர்மாறு: குளிரும் மழையும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே இப்போது படிகக்கல்லும் சரளையும் மிகுதியாகவும் மட்கிய உரம் சிறிதளவும் கலந்த மண்ணில் வைத்து, அக்டோபர் தொடங்கியதும் நீரை அறவே நிறுத்தி, பக்கங்கள் திறந்த கண்ணாடிக் கூரையின் கீழ் நகர்த்திவிடுகிறேன். காற்றோட்டத்தைத் தடுத்துப் போர்த்தி மூடுவது, என் அனுபவத்தில், குளிரைவிடக் கெடுதல்.

நாற்றுகளுக்கு மட்டும் இந்தக் கடுமை பொருந்தாது. மலையிலும் அவை புதர்களின் நிழலில்தான் பிழைத்து எழுகின்றன. எனவே முதலிரண்டு ஆண்டுகள் வீட்டுக்குள், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வளர்ப்பதே சரி.

டிசம்பரில் தண்டின் மேடான வரிகள் ஒட்டி, இடைப்பட்ட பள்ளங்கள் ஆழமாகும்போது மனம் இளகித் தண்ணீர் ஊற்றத் தோன்றும். நான் ஏப்ரல் நடுப்பகுதி வரை காத்திருக்கிறேன். முதல் நீர் விட்ட சில நாட்களில் பள்ளங்கள் மெல்ல விரிகின்றன. பிறகு உச்சியில், தேன் நிறத்தில், புதிய முட்கள் தெரிகின்றன.