12 ஜிபி பழசா, 8 ஜிபி புதுசா: 3060, 4060 இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்

2021 பிப்ரவரியில் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டில் 12 ஜிபி நினைவகம். 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ல் 8 ஜிபிதான். தலைமுறை ஒன்று ஏறியும் நினைவகம் இறங்கியிருக்கிறதே, இது எங்கே இடிக்கும், எங்கே இடிக்காது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இரண்டு கார்டையும் ஒரே மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினேன்.

முதலில் எண்கள். கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகளான குடா கோர்கள் 3060-ல் 3584, 4060-ல் 3072. கோரை மட்டும் பார்த்தால் பழசுதான் பெரிசு. ஆனால் அந்தக் கோர்கள் ஓடும் வேகமான பூஸ்ட் கிளாக் 3060-க்கு 1777 மெகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2460. ஒரு துடிப்புக்கு ஒரு கோர் இரண்டு கணக்கு போடும் என்பதால் கோர்களை இரண்டால் பெருக்கி, அதைக் கிளாக்கால் பெருக்கினால் 3060-க்கு 12.7 டெராஃப்ளாப்ஸ் (விநாடிக்கு லட்சம் கோடி கணக்குகள்), 4060-க்கு 15.1. புதுசு ஏறக்குறைய 19 சதவீதம் மேலே.

நினைவகத்தின் வேகத்தில் கதை தலைகீழ். 3060-ன் பஸ், அதாவது நினைவகத்துக்குப் போகும் பாதை, 192 பிட், ஒவ்வொரு பின்னிலும் விநாடிக்கு 15 கிகாபிட். இரண்டையும் பெருக்கி எட்டால் வகுத்தால் விநாடிக்கு 360 ஜிபி. 4060-ல் 17 கிகாபிட் என்றாலும் பஸ் 128 பிட்டாகச் சுருங்கிவிட்டதால் 272 ஜிபிதான். இந்தக் குறையைச் சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக நினைவகமான எல்2 கேஷ் ஈடுகட்ட வேண்டும்: 3060-ல் 3 எம்பி, 4060-ல் 24 எம்பி. தேவையான தரவு கேஷிலேயே கிடைத்தால் நினைவகத்துக்குப் போகும் வேலையே மிச்சம்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டும் இருக்கிறது. அதன் வேகம் 240 ஜிபிதான். பழைய கார்டு வாங்கினால் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பஸ் அகலத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

சோதனைக்கு இரண்டிலும் ஒரே டிரைவர் பதிப்பு, ரீசைசபிள் பார் (கார்டு நினைவகம் முழுவதையும் சிபியு நேரடியாக எட்டும் வசதி) ஆன், அதே செட்டிங்ஸ். முதல் ஓட்டத்தை எப்போதும் கணக்கில் சேர்க்கவில்லை. ஷேடர் எனப்படும் படம் வரையும் குறுநிரல்கள் தயாராகும்போது வரும் திணறல் அதில் கலந்துவிடும். கார்டு சூடேறிய பிறகுதான் கிளாக்கும் நிலைக்கு வரும். சராசரி எஃப்பிஎஸ்ஸோடு (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) 1 சதவீத லோவையும் (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) எடுத்தேன். கண்ணுக்குத் தெரியும் திணறல் சராசரியில் தெரியாது, அங்கேதான் தெரியும்.

சைபர்பங்க் 2077 விளையாட்டின் உள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க்கை 1080பி ரெசல்யூஷனில், ரே ட்ரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) இல்லாமல் ஓட்டினால் 4060 தெளிவாக முன்னால். வித்தியாசம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. டெராஃப்ளாப்ஸ் கணக்கு சொன்னதும் அதுதான். 1440பி-க்கு ஏற்றினால் இடைவெளி சுருங்குகிறது. ரெசல்யூஷன் ஏறும்போது கேஷில் அடங்காதது கூடும், அப்போது குறுகலான பஸ் தன் வேலையைக் காட்டும்.

மின்சார விஷயத்தில் 4060-ஐ மனதாரப் பாராட்டுகிறேன். 3060-க்கு 170 வாட், இதற்கு 115. ஐம்பத்தைந்து வாட் குறைவாக எடுத்துக்கொண்டு கூடுதல் ஃபிரேம் தருகிறது. சின்ன கேபினெட், சுமாரான பவர் சப்ளை வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதுமான காரணம்.

நான் முக்கியமாகத் தேடிய இடம் வேறு. நினைவகத்தை அதிகம் தின்னும் ஒரு திறந்தவெளி விளையாட்டில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) உச்சத்தில் வைத்து, 1440பி-யில் ரே ட்ரேசிங்கையும் போட்டேன். 3060-ல் ஆஃப்டர்பர்னர் மென்பொருள் காட்டிய நினைவகப் பயன்பாடு 8 ஜிபியைத் தாண்டிப் போனது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தைக் காட்டும் ஃபிரேம்டைம் கோடு சமமாகவே ஓடியது. 4060-ல் பயன்பாடு 8-ஐ ஒட்டி முட்டி நின்றது. கேமராவைச் சட்டென்று திருப்பும்போதெல்லாம் ஃபிரேம்டைம் கோட்டில் ஊசி ஊசியாக ஏற்றம். சராசரி எஃப்பிஎஸ்ஸில் பெரிய மாற்றமில்லை, 1 சதவீத லோ மட்டும் சரிந்தது.

அடங்காத டெக்ஸ்சர் கணினியின் ராமுக்குப் போய், கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ வழியாகத் திரும்பி வர வேண்டும். அதில் 3060-க்கு 16 லேன் (தரவுப் பாதை), 4060-க்கு 8 தான். நான்காம் தலைமுறை போர்டில் 8 லேன் என்றால் விநாடிக்குச் சுமார் 16 ஜிபி. பயாஸில் ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் அது 8 ஜிபி. அப்படி இறக்கியும் ஓட்டினேன். நினைவகம் போதுமாக இருந்த இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. வழிந்த இடத்தில் ஊசிகள் இன்னும் உயர்ந்தன. பழைய போர்டில் 4060 போட நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

டெக்ஸ்சரை ஒரு படி குறைத்ததும் கோடு சமமாகிவிட்டது, படத்தில் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதனால் 8 ஜிபியை ஒரேயடியாக ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். இடையிடையே ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் 3 ஃபிரேம் ஜெனரேஷனும் இந்த இரண்டில் 4060-ல் மட்டுமே. ஆனால் அதற்கும் கொஞ்சம் நினைவகம் வேண்டும் என்பதால், ஏற்கெனவே 8 ஜிபி நிரம்பிய இடத்தில் அது கைகொடுக்காது.

முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸில், என்விடியாவின் ஆப்டிக்ஸ் வைத்து ரெண்டர் செய்ததில் காட்சி நினைவகத்தில் அடங்கியவரை 4060 வேகம், விளையாட்டில் கண்டதைவிடவும் அதிக வித்தியாசம். ஏவி1 வடிவ வீடியோவை உருவாக்கும் என்கோடரும் இதில்தான் உண்டு. 3060 ஏவி1 வீடியோவை ஓட்டும், உருவாக்காது.

மொழி மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்டும்போது நிலைமை மாறியது. ஒவ்வொரு டோக்கனுக்கும் (ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு) மாடல் முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். 4 பிட்டாகச் சுருக்கிய 8 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மாடல் சுமார் 5 ஜிபி. 360-ஐ 5-ஆல் வகுத்தால் விநாடிக்கு 72 டோக்கன், 272-ஐ வகுத்தால் 54. இது உச்ச வரம்புதான், நடைமுறையில் இரண்டுமே அதற்குக் கீழேதான் நிற்கும். ஆனால் முந்துவது 3060 என்பது ஓட்டியபோதும் உறுதியானது. எல்2 கேஷ் இங்கே உதவாது. 5 ஜிபிக்கு முன்னால் 24 எம்பி எம்மாத்திரம்!

13 பில்லியன் மாடல் 4 பிட்டில் 8 ஜிபியை நெருங்கிவிடும், அதற்கு மேல் உரையாடலின் கான்டெக்ஸ்டுக்கும் இடம் வேண்டும். 3060-ல் தாராளமாக உட்கார்ந்தது. 4060-ல் மிச்சம் ராமுக்கு வழிந்து, சொற்கள் ஒவ்வொன்றாக நின்று நின்று வந்தன. 272 எங்கே, 16 எங்கே!

1080பி விளையாட்டுக்கு என்று யாராவது கேட்டால் 4060-ஐத்தான் சொல்வேன். என் மெஷினில் இப்போது 3060 இருக்கிறது, மாடல்களுக்காக. அடுத்து அதன் பவர் லிமிட்டை 130 வாட் அளவுக்கு இறக்கி டோக்கன் வேகத்தைப் பார்க்கப் போகிறேன். இந்த வேலை நினைவக வேகத்தை நம்பி நடப்பதால், கோர் கிளாக் இறங்கினாலும் பெரிதாகக் குறையாது என்பது என் கணிப்பு.