குளோன் எடுத்த இரண்டு மெஷினுக்கும் ஒரே ஐபி

எங்கள் டெஸ்ட் சர்வரில், ஒரே கணினிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கேவிஎம் போட்டிருக்கிறோம். உபுண்டு 20.04-இல் ஒரு விர்ச்சுவல் மெஷினைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்து, அதிலிருந்து வெப், டேட்டாபேஸ் என இரண்டு குளோன் எடுத்தேன். ஹோஸ்ட்நேமை மட்டும் மாற்றினேன். வெப் நன்றாகத்தான் ஓடியது. டேட்டாபேஸை ஆன் செய்ததும் வெப் வருவதும் போவதுமாக ஆகிவிட்டது.

192.168.122.57-க்கு எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினுக்குள் நுழையும் வழி) போட்டேன். அது வெப்பின் ஐபி. உள்ளே போனால் பிராம்ப்டில் டேட்டாபேஸ் பெயர் நிற்கிறது! வேறு மெஷினுக்குள் போயும் எஸ்எஸ்எச் ஏன் எச்சரிக்கவில்லை? ஒரு மெஷினை எஸ்எஸ்எச் அடையாளம் காண உதவும் ஹோஸ்ட் கீயும் சேர்ந்தே குளோன் ஆகியிருந்தது. இதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

முதல் சந்தேகம் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் அட்ரஸ் மேல்தான். பார்த்தேன். இரண்டும் 52:54:00 என்று தொடங்கின. கேவிஎம்மில் வழக்கமாக அப்படித்தான். கடைசி மூன்று பகுதிகள் வேறு வேறு. மேக் வேறு என்றால் ஐபியும் வேறாகத்தானே வர வேண்டும்? இந்த நம்பிக்கையிலேயே அரை நாள் போனது.

கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் டிஹெச்சிபி லீஸ் பட்டியலை, அதாவது எந்த மெஷினுக்கு எந்த ஐபி தானாகக் கொடுக்கப்பட்டது என்ற பட்டியலை, எடுத்த பிறகுதான் பிடிபட்டது. இரண்டு மெஷின் ஓடுகிறது, பட்டியலில் ஒரே வரி. கடைசியாக ஐபி கேட்டது எதுவோ அதன் மேக் அந்த வரியில் இருந்தது. பக்கத்தில் கிளையன்ட் ஐடி என்று ஒரு நீளமான எண்.

டிஹெச்சிபியில் 61-ஆம் ஆப்ஷன் அது. ஐபி கேட்கும் மெஷின், அதாவது கிளையன்ட், அதை அனுப்பினால், லிப்விர்ட்டில் டிஹெச்சிபி சர்வராக ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் மேக்கைவிட அதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் நெட்வொர்க்கையும் கவனிக்கும் சிஸ்டம்டி அந்த எண்ணை, மெஷினுக்கு மெஷின் வேறாக இருக்க வேண்டிய மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாக்குகிறது. நான் அந்தக் கோப்பையும் அப்படியே நகலெடுத்திருக்கிறேன். டிஹெச்சிபி சர்வரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆள். மேக்கை மட்டும் பார்க்கும் சர்வராக இருந்திருந்தால் இந்தக் கோளாறு வெளியே தெரிந்தே இருக்காது.

குளோன் எடுக்க வைத்திருந்த மூல மெஷினில், அதாவது டெம்ப்ளேட்டில், மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கினேன். கோப்பு இருக்க வேண்டும், உள்ளே எதுவும் இருக்கக் கூடாது. அடுத்த பூட்டில் புது ஐடி தானாக வரும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புகளை எழுதும் நெட்பிளானில் டிஹெச்சிபி அடையாளமாக மேக்கையே வைக்கச் சொல்லவும் வழி உண்டு. ஆனால் ஐபி தவிர மற்ற இடங்களிலும் இந்த ஐடி பயன்படுவதால் கோப்பைச் சரிசெய்வதே நல்லது என்பேன். பழைய ஹோஸ்ட் கீகளையும் அழித்து, குளோன்கள் ஒவ்வொன்றிலும் புதிதாக உருவாக்கினேன்.

மறுபடி குளோன் எடுத்து இரண்டையும் ஆன் செய்தேன். லீஸ் பட்டியலில் இரண்டு வரி, இரண்டு ஐபி.