எல்இடி வெளிச்சத்தைக் குறைக்கப் போய் ரெசிஸ்டரைக் கருக்கிய கதை

தர்மபுரியில் கடையைச் சாத்திவிட்டு பென்னாகரம் திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். இண்டூர் தாண்டினால் பாதி வழி கும்மிருட்டு, என் பைக் ஹெட்லைட் வேறு அகல் விளக்கு மாதிரிதான் எரியும், அதனால் கிராஷ் கார்டில் 20 வாட் எல்இடி ரெண்டு வாங்கி மாட்டினேன். முதல் வாரம் ராஜா மாதிரி போனேன். அடுத்த வாரம் எதிரில் டிவிஎஸ் 50-ல் வந்தவர் வண்டியை ஓரங்கட்டி, காது கொடுத்துக் கேட்க முடியாத மாதிரி நாலு வார்த்தை விட்டார். தெரிந்த குரலாக இருக்கிறதே என்று கிட்டப் போய்ப் பார்த்தால், என் சித்தப்பா! "ஏன்டா, எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு வேணாமா?"

சரி, வெளிச்சத்தைக் குறைத்துவிடலாம் என்று 1 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் (கரண்டைத் தடுத்துக் குறைக்கிற சாமான்) ஒன்று வாங்கி ரெண்டு லைட்டுக்கும் சேர்த்து லைனில் போட்டேன். வெளிச்சம் இம்மியும் குறையவில்லை. பத்து நிமிஷத்தில் கருகல் வாடை. வெள்ளைக் கட்டி பழுப்பாகி, பக்கத்து வயர் மேல்தோல் கொப்பளம் போட்டிருந்தது. வயரிங் பார்க்கிற அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "உள்ள டிரைவர் இருக்குது தம்பி, நீ வோல்டேஜைக் குறைச்சா அது கரண்டை அதிகமா இழுத்துக்கும்." டிரைவர் என்றால், வோல்டேஜ் மாறினாலும் எல்இடிக்கு ஒரே அளவு கரண்ட் கொடுக்கிற சின்ன சர்க்யூட். கணக்குப் போட்டால் அதுதான் சரி. 40 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர், அது 1 ஓமில் போனாலே 11 வாட் சூடு. 5 வாட் ரெசிஸ்டர் எப்படித் தாங்கும்? டிரைவர் இல்லாத சும்மா எல்இடி ஸ்ட்ரிப்பாக இருந்தால் ரெசிஸ்டர் வேலை செய்திருக்கும்.

அப்புறம் திருகு வைத்த பிடபிள்யூஎம் டிம்மர் வாங்கினேன். அதுவும் தண்டம். கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்துத்தான் அது குறைக்கிறது, அந்த டிரைவருக்கு அது ஒத்துவரவில்லை, பாதி திருகியதுமே கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி மினுக்க ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் அண்ணன் வெளிச்சத்தில் கையே வைக்கவில்லை. வண்டியைச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, என்னை மேலே உட்காரச் சொல்லி (ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கி லைட் மேலே தூக்கும்), லைட் இருக்கிற 2 அடி உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டார். வெளிச்சத்தின் நடு அந்தக் கோட்டுக்கு அரை அடி கீழே விழும்படி லைட்டைச் சாய்த்து போல்ட்டை முறுக்கினார். அப்படி வைத்தால் அது சுமார் 100 அடியில் தரையில் போய் விழும், எதிராளி கண்ணுக்கு நேராகப் போகாது.

அதைவிட உருப்படியான வேலை ரிலேதான் (சின்னக் கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டை ஆன் பண்ணுகிற சுவிட்ச்). அதை ஆன் பண்ணுகிற 86-ஆம் நம்பர் முனைக்கு ஹை பீம் வயரிலிருந்து லைன் எடுத்தோம், நடுவில் பழைய சுவிட்ச் அப்படியே. இப்போது எதிரில் வண்டி வந்து நான் டிம் அடித்தால் ரெண்டு எல்இடியும் தானாக அணைந்துவிடும். எல்லா வண்டியிலும் வயரிங் ஒரே மாதிரி இருக்காது, டெஸ்ட் லாம்ப் வைத்து ஹை பீம் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கை வையுங்கள்.

மஞ்சள் ஃபிலிமும் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினேன். வெளிச்சம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அந்த நீலவெள்ளைக் குத்தல் போய்விட்டது. போன வாரம் அதே ரோட்டில் சித்தப்பா எதிரில் வந்தார், டிம் அடித்தேன், என்னை அடையாளமே தெரியாமல் போய்விட்டார்.