ஃபார்வர்டாக வந்தவர், ஸ்டாப்பராக நிலைத்தவர்

குமரிக் கடற்கரையின் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கத்துப் பையன்களிடம் கால்பந்தில் எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டால் ஃபார்வர்டு என்ற பதில்தான் அதிகம் வரும். கடப்புறத்து மணலில் பந்து தட்டி வளர்ந்தவனுக்கு பேக்கில், அதாவது தற்காப்பு வரிசையில், நிற்பது தண்டனை மாதிரி. கோல்கீப்பர் அகப்படாத அன்றைக்குக் கோலி நிற்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இதே நினைப்போடு வேலைக்காகக் கத்தாரின் தோஹாவில் போய் இறங்குகிறவர்கள், அங்கே ஏழு பேர் ஆடும் வெள்ளிக்கிழமை செவன்ஸ் அணிகளில் ஏற்கெனவே மூன்று ஃபார்வர்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். இவர்களுக்கு, ஃபார்வர்டாகத் தொடங்கி ஸ்டாப்பராக (நடுத் தற்காப்பாளராக) மாறிய கத்தார் ஆட்டக்காரர் புவாலெம் கூக்கியின் வழி தெரிந்திருப்பது நல்லது.

கூக்கி 1990-ல் அல்ஜீரியாவின் பூ இஸ்மாயிலில் பிறந்தவர். அதுவும் கடலோர ஊர்தான். 2009-ல் தோஹாவின் அல் அரபி கிளப்புக்கு வந்தபோது முன்னால் நின்று ஆடுகிறவர். 2014 மேற்கு ஆசியச் சாம்பியன்ஷிப்பைக் கத்தார் வென்றபோது ஆறு கோலுடன் அதிக கோல் அடித்தவர் அவர். அதே ஆண்டு ரியாத்தில் நடந்த வளைகுடாக் கோப்பை இறுதியாட்டத்தில் சவுதியைக் கத்தார் 2-1 என்று தோற்கடித்தபோதும் ஒரு கோல் அவருடையது. 2017-ல் தோஹாவின் இன்னொரு கிளப்பான அல் சத்துக்குப் போனார். இதற்கிடையில் நடுக்களத்துக்கும், அங்கிருந்து தற்காப்புக்கும் இறங்கிவிட்டார்.

பலன் 2019 ஆசியக் கோப்பையில் தெரிந்தது. ஏழு ஆட்டத்தில் கத்தார் அடித்தது 19 கோல், வாங்கியது ஒன்றே ஒன்று. அதுவும் ஜப்பானுக்கு எதிரான இறுதியாட்டத்தில்தான். அரையிறுதியில் அபுதாபி ரசிகர்கள் நடுவே அமீரகத்தை 4-0 என்று சாய்த்தபோது முதல் கோலைப் போட்டவர் பின்வரிசைக்காரரான கூக்கி. ஐந்து ஆண்டுக்குப் பின் சொந்த மண்ணில் கத்தார் மறுபடி கோப்பை எடுத்தபோதும் அவர் அணியில் இருந்தார். நூறு சர்வதேச ஆட்டங்களுக்கு மேல் ஆடியாகிவிட்டது.

முன்னால் ஆடியவன் பின்னால் வந்தால் கையோடு கொண்டுவருவது இரண்டு. தலையால் முட்டும் நேரக்கணக்கு ஒன்று. எதிரணி ஃபார்வர்டு அடுத்து எந்தப் பக்கம் நழுவுவான் என்ற வாசனை இன்னொன்று. கொண்டுவராததுதான் நிறைய. பந்தைப் பார்த்தவுடன் காலை நீட்டி விழுவது முதல் கெட்ட பழக்கம். முன்னால் தவறினால் பந்து போகும், பின்னால் தவறினால் கோல் போகும். ஸ்டாப்பர் எதிராளிக்கு நேராக மார்பைக் காட்டி நிற்கக் கூடாது. உடம்பைச் சாய்த்து, ஒரு கால் முன், ஒரு கால் பின்னாக, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் விட்டு நிற்க வேண்டும். அவனுடைய நல்ல காலை மறித்து, பலவீனமான கால் பக்கம், ஓரக்கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே பின்வாங்க வேண்டும். அவன் பந்தைக் காலிலிருந்து ஒரு முழம் தள்ளித் தட்டும் நொடிதான் நம்முடைய நொடி.

அடுத்த கோளாறு பந்தையே பார்ப்பது. ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது கண் பந்தில் ஒட்டிக்கொண்டால், முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவன் தொலைந்து போவான். இரண்டு நொடிக்கு ஒருதரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். மூன்றாவது, ஆபத்தான இடத்தில் பந்தை வைத்து அழகு பார்ப்பது. கூக்கிக்கே இது நேர்ந்திருக்கிறது. 2022 உலகக் கோப்பையில் செனகலுக்கு எதிராக, பெனால்டி பெட்டிக்குள் வந்த பந்தைச் சரியாக வெளியேற்ற முடியாமல் அவர் தடுமாற, புலாயே தியா வந்து கோல் அடித்துவிட்டுப் போனார். கத்தார் 3-1 என்று தோற்றது. அந்த இடத்தில் நம்மூர்க்காரர்கள் சொல்கிற மாதிரி ‘அடிச்சுத் தூக்கி விடு’தான் சரி.

ஊர் ஆட்டம் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. மணலில் பந்து எழும்பாது, உருளாது. ஆகவே தூக்கித் தூக்கித்தான் பாஸ். செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே காலுக்கு வந்துவிடும். முதல் சில வாரம் ஒரு அடி பின்னுக்கு நின்றே ஆடுங்கள். செவன்ஸில் பெரும்பாலும் ஆஃப்சைடு கிடையாது, ஆளோடு ஆள் ஒட்டினால் போதும். பதினொரு பேர் ஆட்டத்தில் பின்வரிசை நால்வரும் ஒரே கோட்டில் ஏறி இறங்க வேண்டும். ஒருவன் மட்டும் பின்தங்கினால் வலை விரித்தும் ஓட்டை விட்ட கதைதான்.

இனி நிறையப் பேர் தப்பாக நினைத்திருக்கும் விஷயம். கூக்கி மாதிரி நாமும் அங்கே கொஞ்ச காலம் இருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாமே என்பார்கள். ஆட முதலில் அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். சாதாரண ஆளுக்கு 2005-ன் கத்தார் சட்டப்படி 25 ஆண்டு தொடர்ந்து குடியிருப்பு, அரபி மொழி அறிவு எல்லாம் வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குக் கொடுப்பது தனி விலக்கு. அதற்கு மேல், பெற்றோர், தாத்தா பாட்டி வழித் தொடர்பு இல்லாதவர் 18 வயதுக்குப் பின் போயிருந்தால் ஐந்து ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. அந்தப் பாஸ்போர்ட் எடுத்தால் இந்திய அணிக் கதவு மூடிவிடும். 2024-ல் கத்தார் அணிக்கு அழைக்கப்பட்ட தஹ்சின் முகமது ஜம்ஷித், கண்ணூர்க்காரப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்து வளர்ந்தவர். வேலை விசாவில் போகிறவன் கதை வேறு.

‘கிளப்பில் டிரையல், விசிட் விசாவில் வா’ என்று காசு கேட்கும் ஏஜென்டை நம்ப வேண்டாம். விசிட் விசாவில் வேலை செய்ய முடியாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவனை நாடு விட்டு நாடு பதிவு செய்வதும், பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடியேறியது போன்ற சில விதிவிலக்கு தவிர, தடை. முறையான வழி கொச்சியிலோ சென்னையிலோ உள்ள கத்தார் விசா மையம். மருத்துவச் சோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயே முடியும். சம்பளம் மாதம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. கம்பெனி தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் 500-ம் 300-ம் சேர வேண்டும். அந்த ஒப்பந்தத்தை நிதானமாக வாசித்த பிறகே கையெழுத்து. பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதியும் தேவை. ஊரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் பதிவான வீரன் அங்குள்ள பதிவுபெற்ற கிளப்பில் சேர்ந்தால், அமெச்சூராக இருந்தாலும் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வேண்டும். தோஹாவின் தொழிற்பேட்டையான சனாயாவில் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் நடத்தும் போட்டிகளுக்கு அது கேட்கமாட்டார்கள்.

முட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2020-21 ஐஎஸ்எல் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முட்டித் தசைநார் கிழிந்து முழுப் பருவத்தையும் இழந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கிளப் இருந்தது. கூலி வேலைக்காரனுக்கு அங்கே சட்டம் தருவது, மூன்று மாதம் வேலை பார்த்தபின், இரண்டு வாரம் முழுச் சம்பளத்தோடும் நான்கு வாரம் பாதிச் சம்பளத்தோடும் நோய் விடுப்பு. அதற்கு மேல் சம்பளமில்லை. இந்தத் தசைநார் ஆறி மறுபடி ஆட ஒன்பது மாதமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். இந்த ஆபத்தைச் செருப்புக் கடையிலேயே கொஞ்சம் குறைக்கலாம். இயற்கைப் புல்லுக்கான நீள ஸ்டட் (அடிமுளை) வைத்த பூட்ஸைச் செயற்கைப் புல்லில் போட்டால் ஸ்டட் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், கால் திரும்பாது. குட்டை ரப்பர் முளை நிறைய உள்ள டர்ஃப் ஷூவே வாங்குங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் பாதி வரை பகல் 10 முதல் 3.30 வரை திறந்த வெளி வேலைக்கே அங்கு தடை. ஆட்டம் இரவில்தான், அப்போதும் கடற்காற்றில் ஈரப்பதம் வியர்வையை உலரவிடாது. உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் எடுக்கும். அதுவரை பாதி நேரம் மட்டும் இறங்குங்கள். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் தசை பிடிப்பது நிற்காது. ஊரில் வள்ளத்தில் கொண்டுபோகிற உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி அங்கேயும் நன்றாகவே வேலை செய்கிறது, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அரை லிட்டர்.