குழந்தைக்கு வலி: எவ்வளவு மருந்து, வேறென்ன செய்யலாம்?

குழந்தைக்கு வலி மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி.; 120 மி.கி. சிரப் என்றால் சுமார் 6 மி.லி. 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் ஒன்றரை மி.லி.தான். சிரப் என்ற நினைப்பில் டிராப்ஸை 3 மி.லி. கொடுத்தால் இரண்டு மடங்கு உள்ளே போய்விடும். லேபிளைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். வீட்டு ஸ்பூன் வேண்டவே வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும்.

இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 வேளைதான். சளி சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் பாதிப்பு கல்லீரலுக்கு.

இன்னொரு வலி மருந்தான இப்யூபுரூஃபன் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. வாந்தி, பேதியில் உடல் வற்றியிருந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அம்மை, டெங்கு சந்தேகத்திலும் கொடுக்காதீர்கள். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கூடாது. மூன்று மாதத்துக்குக் கீழ் எந்த மருந்தும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

மருந்து வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. அடிபட்ட இடத்தில் துணி சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். ஊசி போடும்போது படுக்க வைத்து அமுக்கினால் பயம்தான் கூடும்; மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அணைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு ஊசிக்கு முன்பே பால் கொடுக்கத் தொடங்கி, போட்ட பிறகும் தொடரலாம். பெரிய பிள்ளையை சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். மூச்சு நீளும், உடம்பின் இறுக்கம் தளரும். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த முறை உங்களை நம்பாது. "சுருக்குன்னு இருக்கும், சீக்கிரம் போயிடும்" போதும்.

பேசத் தெரியாத குழந்தையிடம் முகச்சுளிப்பு, காலை மடக்கி இழுப்பது, தூக்கினாலும் அடங்காத அழுகை இவற்றைக் கவனியுங்கள். அழாமல் அசையாமல் கிடக்கும் குழந்தைக்கும் கடும் வலி இருக்கலாம்.

தொப்புளருகே தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, கழுத்து விறைப்போடு காய்ச்சல், ஆண் குழந்தைக்குத் திடீர் விதைவலி: இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்தில் ரத்த ஓட்டமின்றிக் கெட்டுவிடும். நடுராத்திரி என்றாலும் அப்போதே கிளம்புங்கள்.